காய்க்காத பங்கு

டிவிடன் அறிவிக்கும் நாள் வந்தால் எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலர் காலையிலேயே கத்தியையும் தேங்காய் உடைக்கும் அரிவாளையும் எடுத்து ஒளித்து வைப்போம். நான் அரிசிப் பீப்பாய்க்குள் வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரி கோழிக்கூண்டுக்கு அடியில் சொருகுவாள். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து நிமிர்வதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

பத்திரிகையில் அதை லாப ஈவு என்று போடுவார்கள். சேமிப்பு நிதியில் பணம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் லாபம். தைப்பூசம் முடிந்த கையோடு அறிவிப்பு வரும். கோல சிலாங்கூர் பக்கத்தில் எங்கள் தோட்ட வாசலில் இருந்த ஒட்டுக்கடையில் அன்று முழுக்க வேறு பேச்சே இருக்காது. "இந்த வருசம் எவ்ளோலா?", "போன வருசத்த விட கொறச்சிட்டான்லா" என்று ஆண்கள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே மனைவிமார் பெயரில் கிடக்கும் பணத்துக்குக் கணக்குப் போடுவார்கள். அதன் பிறகு சம்சுச் சாராயக் கடைக்குப் போவார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வருவார்கள்.

என் வீட்டுக்கும் ஒருவன் வந்தான். அவனை 'அவர்' என்று எழுதித்தான் எனக்குக் கை பழக்கம். அந்த மரியாதையை நான் போதுமான அளவு கொடுத்துத் தீர்த்துவிட்டேன். இனி அவன்தான்.

என் கல்யாணத்தில் நகை அதிகம் இல்லை. ராசா என்ற ஊர்ப் பக்கத்தில் அப்பா வேலை செய்த தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றபோது அவருக்குக் கொஞ்சம் இழப்பீட்டுப் பணம் கிடைத்தது. அதை அப்படியே என் பெயரில் சேமிப்பு நிதியில் போட்டார். அதுதான் என் சீர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனார். லயத்தை இடித்தவர்கள் அந்தக் கோயிலை மட்டும் தொடப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். சூடத்தைக் கொளுத்தி, அவன் கையை அதன்மேல் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். போட்ட முதலைத் தொடமாட்டேன். சாவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் தவிர அதில் கை வைக்கமாட்டேன். தொட்டால் முனியாண்டி என்னைக் கேட்கட்டும்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் பணத்தைக் கையில் வாங்கி ஒரே வருடத்தில் குடித்து அழித்தவர்களைப் பார்த்துப் பயந்துபோய், மிச்சமிருந்த குடும்பங்கள் இப்படித்தான் முதலைச் சாமியிடம் ஒப்படைத்தன. முதல் என்றால் லெட்சுமி. முதலில் இருந்து விளைவதைத் தின்னலாம், முதலைத் தின்றால் வம்சம் விளங்காது. அவனும் அதை முழுசாக நம்பினான். அவனிடம் இருந்த ஒரே பக்தி அதுதான்.

அப்பா கெட்டிக்காரர்தான். ஆனால் டிவிடனைப் பற்றியும் என்னைப் பற்றியும் சத்தியம் வாங்க மறந்துவிட்டார்.

முதல் வருடம் கன்னத்தில் ஓர் அறை. வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வந்து 'டிங்' என்றது. நான் படிப்பதற்குள் அவன் வாங்கிப் படித்தான். "கார்ட குடு" என்றான். எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் அறை. கேள்வி கேட்பதை நான் விடவில்லை. அது என் பிறவிக் கோளாறு. அதனால் அடுத்தடுத்த வருடங்களில் அறை உதையானது, உதை இடுப்பு வாராக மாறியது. அந்தப் பணத்தில் அவன் கூட்டாளிகளோடு ஆடு அடிப்பான். செம்பனைத் தோட்டத்துக்குள் ஆட்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தோலுரிப்பார்கள். கறி அங்கேயே கள்ளோடு முடிந்துவிடும். எனக்குக் கழுத்தெலும்பு வரும், ஒரு பிளாஸ்டிக் பையில். அதையும் நான்தான் சமைத்துப் போடவேண்டும்.

ஒரு வருடம் கார்டைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தேன். அவன் வெளியிலிருந்து கதவைத் தள்ளினான். என் கை கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மாட்டியிருக்கிறது என்று தெரிந்தும் தள்ளினான். மணிக்கட்டில் பச்சைக் குச்சி முறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்னுடைய எலும்புதான் என்று எனக்கு உடனே புரியவில்லை. கார்டு தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாவுக்கட்டோடு ராசாவுக்குப் போனேன். அப்பா கட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"முதலுக்கு ஒன்னும் ஆவலியேம்மா?"

"ஆவலப்பா."

"அவன் தொடலல்ல?"

"தொடல."

"சாமிக்குப் பயந்த பையன்தான்" என்றார் அப்பா. அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருந்தேன். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும். எடை போட்டுச் சீட்டு கொடுப்பேன். கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியை இன்னொரு தடவை எடை போடுவேன். அவனும் லோரிக்காரன்தான். என் கையிலிருந்து சீட்டை வாங்கும்போது மட்டும் எல்லார் எதிரிலும் "தேங்க்யூ" என்பான். மற்ற ஓட்டுநர்கள் "நல்ல சோடிலா" என்று சிரிப்பார்கள்.

என்னோடு அந்தக் கண்ணாடி அறையில் ஓர் அக்கா வேலை செய்தார். வேதக்காரர், கணவர் இறந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே மறு கையால் போனில் பங்கு விலை பார்ப்பார். பச்சை என்றால் ஊறுகாயை எனக்கும் தள்ளுவார். சிவப்பு என்றால் பேசமாட்டார். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை. டிவிடன் மாதம் என்று அவருக்கும் தெரியும்.

ஒருநாள் நானாகவே கேட்டேன்.

"அக்கா, ஒங்க பங்குக்கு டிவிடன் எவ்ளோ?"

"இதுக்கு டிவிடனே கெடயாதும்மா."

"கொறச்சலா?"

"சுத்தமா கெடயாது. ஒரு சென்னும் குடுக்க மாட்டான். ஏதோ கம்பியூட்டர் சிப்பு செய்யிற மிஷின் கம்பெனி. லாபம் பாக்குறான். அத எடுத்து இன்னொரு பெக்டரி கட்டுறான். பெக்டரி பெருசாவ பெருசாவ பங்கோட வெல ஏறும். வேணும்ங்கறப்ப வித்துக்க வேண்டியதுதான்லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பங்கு வைத்திருப்பவர் இவர், லாபம் மட்டும் கம்பெனிக்காரனுக்கா?

"அப்ப அடுத்தவன் வந்து வாங்குனாத்தான் ஒங்களுக்குக் காசு. அவன் எதுக்கு வாங்குவான்? அவனுக்கும் டிவிடன் இல்லியே?"

"அவனுக்கு அடுத்தவன் வாங்குவான்னு."

"அவனுக்கும் அடுத்தவன் இல்லன்னா?"

அக்கா ஊறுகாய் விரலை ஜன்னல் பக்கம் நீட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம் பழைய செம்பனைகளை விஷ ஊசி போட்டுக் கொன்று, சாய்த்து, துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் மறுநடவுக் கன்றுகள் முட்டியுயரம் நின்றன.

"அந்தக் கன்னுங்க ஒரு கொல தள்ளியிருக்கா? இல்ல. போன மாசம் அந்தத் தவுக்கே மொதலாளி வந்து தோட்டத்துக்கு வெல கேட்டானே, அந்தப் பக்கத்த வேணாம்னா சொன்னான்?"

"கன்னு நாளைக்குக் காய்க்கும்க்கா."

"இதுவும் ஒரு நாளைக்குக் குடுக்கும். இல்ல பெரிய கம்பெனி எவனாச்சும் மொத்தமா வாங்கிப்பான்."

"அதுக்குள்ள கம்பெனி படுத்துட்டா?"

"நம்மளும் பக்கத்துலயே படுத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா கை கழுவப் போனார்.

அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. இன்று கொடுக்காதவன் நாளைக்குக் கொடுப்பான் என்று நம்பி இருப்பதை நான் என் கல்யாணத்திலேயே வேண்டிய மட்டும் செய்தாகிவிட்டது. அவர் கன்றுகளைக் காட்டினார். எனக்கு வெட்டிக் கிடந்த மரங்கள்தான் கண்ணில் பட்டன. காய்த்துக் காய்த்து ஓய்ந்ததும் அவற்றுக்குக் கிடைத்தது விஷ ஊசி.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு சென்னும் கொடுக்கமாட்டான். அப்படியென்றால் 'டிங்' என்று செய்தி வராது. பத்திரிகையில் வராது. ஒட்டுக்கடையில் பேச்சு வராது. பறித்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது. முதல் மட்டும் இருக்கும், முதலை அவன் தொடமாட்டான். உலகத்தில் எல்லாரும் பங்கு வாங்குவது அது கொடுப்பதற்காக. நான் அது கொடுக்காது என்பதற்காகவே வாங்கினேன். மறு வாரம் அக்காவோடு போய்ச் சேமிப்பு நிதியிலிருந்து அப்பாவின் பணத்தை எடுத்து, அந்தக் கம்பெனியின் பங்காக மாற்றினேன். கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டு வலித்தது.

அடுத்த டிவிடன் அறிவிப்பு வந்தது. அவன் குளித்து, முடி சீவி, என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தான். போன் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். நான் உள்ளதைச் சொன்னேன்.

"முதலயா தொட்ட?"

"தொடல. எடம் மாத்துனேன். முதல் முழுசா இருக்கு."

"டிவிடன்?"

"இதுல கெடயாது."

"எந்த வருசமும்?"

"எந்த வருசமும்."

அன்று விழுந்த அடிதான் நான் வாங்கியதிலேயே பெரிது. சமையலறையில் ஆரம்பித்துக் குளியலறையில் முடிந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் என் தலையை மோதினான். தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மறு கண் வீங்கி மூடிவிட்டது. ஆனாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நான் நினைத்தது இதுதான்: அடி வாங்கிவிட்டேன், பணம் போகவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

மறு வருடம் அவன் அடிக்கவில்லை. ஒட்டுக்கடையில் கூட்டாளிகள் கிண்டல் செய்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தான்.

"சரியான பங்கத்தான்லா வாங்கியிருக்க. ஒன்ன மாதிரியே. எவ்ளோ தீனி போட்டாலும் ஒன்னும் காய்க்காது."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் பெல்ட் வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது. இருந்தாலும் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் அந்தப் பங்கை ஒன்றுக்கும் ஆகாதது என்று நினைப்பது எனக்கு நல்லது. என்னை அப்படி நினைத்தாலும் நல்லதுதான். அந்த வருடம் எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு சோறு தின்றேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்கியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு அந்தப் பங்கு ஏற ஆரம்பித்தது. அக்கா தினமும் ஊறுகாயைத் தள்ளினார். போட்ட பணத்துக்கு மேலே பாதி ஏறியது. அதற்கும் மேலே போனது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. காய்க்காத மரத்தில் காய் தெரிகிறதே, எவன் கண்ணிலாவது பட்டுவிடுமே. விற்றுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். விற்றால் அந்தப் பணம் வங்கிக்கு வரும், வங்கிக்கு வந்தால் 'டிங்'. அதனால் விற்கவில்லை.

பயந்தபடியே நடந்தது. அதே கம்பெனியின் பங்கு வைத்திருந்த ஒரு ஓட்டுநர் ஒட்டுக்கடையில் வாயைத் திறந்திருக்கிறான். விலை ஏறினாலே அது டிவிடன் மாதிரிதான், ஏறின மட்டும் விற்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது தப்பில்லை. படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்களாம். எது முதல், எது விளைச்சல் என்று அந்தப் பங்கில் கோடு போட்டு யாராலும் பிரிக்க முடியாது. எங்கே பிரிப்பது என்பது கையில் வைத்திருப்பவளின் இஷ்டம். எங்கள் வீட்டில் என் இஷ்டம் எப்போது நடந்தது?

ஆனால் என் வீட்டுக்காரனுக்குச் சத்தியம் இடித்தது. ஏறினது முதலா, இல்லையா? அவன் யாரைக் கேட்பான்? லோரியை எடுத்துக்கொண்டு ராசாவுக்கு, அந்த முனியாண்டி கோயிலுக்கே போனான். பூக்கட்டிப் பார்த்தான். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளை வந்துவிட்டதாம். பங்குச் சந்தையில் எது லாபம் என்று முனியாண்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவன் கோயிலுக்குப் போய் வருவதற்குள் சந்தை விழுந்தது. எங்கேயோ இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டனவாம், சிப்பு வாங்க ஆள் இல்லையாம். அந்த வாரம் முழுக்க அக்கா பேசவில்லை. ஏறினது எல்லாம் போய், போட்டதிலும் கொஞ்சம் போய்விட்டது.

நல்ல வெயில். மேடைக்கு முன்னால் லோரிகள் வரிசையாக நின்றன. அவன் லோரி மேடையில் ஏறியது. எடை போட்டேன். சீட்டை நீட்டினேன். அவன் சீட்டை வாங்கவில்லை. கீழே இறங்கிக் கண்ணாடி ஜன்னலுக்கு வந்தான். கையில் குலையைக் குத்தி லோரியில் ஏற்றும் கூர்க்கம்பி இருந்தது.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்றான். "ஏறுனது முதல் இல்ல. முதலு அப்படியே கெடக்கட்டும். ஏறுனத மட்டும் வித்துக் குடு. இப்பவே, போன்ல."

"ஏறுனது எறங்கிருச்சுங்க. இப்ப முதலே கொறஞ்சி கெடக்கு. இந்தா பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு.

"யாரு காதுல பூ சுத்துற? ஏறியிருக்குன்னு அந்த டிரைவரு சொன்னானே."

"அவன் எப்ப பாத்தானோ. நெசமாத்தான் சொல்றேன். எடுத்தா முதலத்தான் எடுக்கணும். நீங்க சூடத்து மேல கை வச்சிருக்கிங்க."

அவனுக்குள் முனியாண்டியும் சம்சுவும் மல்லுக்கு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு கம்பியை ஓங்கினான்.

கண்ணாடி என்மேல் கொட்டியது. கம்பியின் முனை என் தோள்பட்டையில் இறங்கியது. சுடுவது மாதிரி இருந்தது, வலி பிறகுதான் வந்தது. அக்கா "கர்த்தாவே" என்று அலறினார். அவன் கம்பியை இழுத்துப் போட்டுவிட்டு, உடைந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு மேசைமேல் கிடந்த போனைத் துழாவினான். சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருந்தது. எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் விளிம்பில் கிடந்த அவன் கையின்மேல் போட்டேன்.

பச்சைக் குச்சி முறிகிற சத்தம். எனக்குப் பழக்கமான சத்தம்தான்.

"இதுக்கும் பூக்கட்டிப் பாருடா!" என்று கத்தினேன். அவனை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் ஆடு மாதிரி கத்தினான். நான் சிலிண்டரை மறுபடி தூக்கினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. அக்கா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்காவிட்டால் அடுத்ததை அவன் தலையில்தான் போட்டிருப்பேன். இரண்டு ஓட்டுநர்கள் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் நின்ற லோரிகள் ஹார்ன் அடித்தன. வெயிலில் பழம் கெட்டுப்போகுமே என்ற கவலை அவர்களுக்கு.

மருத்துவமனையில் தோளுக்குத் தையல் போட்டார்கள். போலீசில் புகார் எழுதிக் கொடுத்தேன். வெளியே பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்திருந்தபோது போனை அவர் மடியில் வைத்தேன். என் வலக்கை தூக்க வரவில்லை.

"எல்லாத்தையும் வித்துருங்கக்கா."

"இப்ப வித்தா நட்டம்மா. கொஞ்சம் பொறு. கம்பெனி நல்ல கம்பெனி. கண்டிப்பா ஏறும்."

"ஏறுற வரைக்கும் நான் எங்கக்கா ஒக்காந்திருக்கிறது? அவன் வீட்லயா?"

அக்கா மூக்கை உறிஞ்சினார். "முதலும்மா. ஒங்கப்பா..."

"சத்தியம் பண்ணது அவன்தான்க்கா. நானு பண்ணல."

அக்கா விற்றார். எவனோ வாங்கினான். அவன் யார், எதற்கு வாங்கினான் என்று எனக்குத் தெரியாது. ஒரு சென்னும் கொடுக்காத ஒன்றை, சந்தை விழுந்து கிடந்த நாளில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டான். அவன் நன்றாக இருக்கட்டும். அந்தப் பணத்தில் புக்கிட் செந்தோசாவில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். வக்கீலுக்குக் கொடுத்தேன். கோணலாக ஒட்டியிருந்த மணிக்கட்டை மறுபடி உடைத்துச் சரிசெய்ய டாக்டருக்குக் கொடுத்தேன். வேலையைச் சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றிக்கொண்டேன். அவன் விரல்கள் சரியாக மடங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை.

அப்பாவுக்குப் போனில் சொன்னேன். குத்து, தையல், வழக்கு எல்லாவற்றையும் "ம்", "ம்" என்று கேட்டார். முதலை விற்றதைச் சொன்னதும் மறுமுனையில் அழுகைச் சத்தம் வந்தது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை. அம்மா செத்தபோதுகூட.

"முதல் போச்சாம்மா?"

"என் கை ஒடஞ்சப்ப நீங்க இப்படி அழுவலப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ரப்பர்ப் பால் வெட்டியதற்குக் கிடைத்தது அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் இறங்கவில்லை.

புதுத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் இளம்பெண்கள் போனும் கையுமாக உட்கார்ந்து இதையேதான் பேசுகிறார்கள். டிவிடன் தராத பங்குக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா, இல்லை எல்லாம் காற்றா? என்னையும் ஒருத்தி கேட்டாள். நான் போட்டதைவிடக் குறைவாகத்தான் எடுத்தேன். கணக்குப்படி பார்த்தால் நட்டம். நான் விற்ற பிறகு அது மறுபடி ஏறி, பழைய உச்சியையும் தாண்டிவிட்டது என்று அக்கா மாதம் தவறாமல் போன் செய்து சொல்கிறார். கேட்டால் வயிறு எரியத்தான் செய்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். வருடா வருடம் ஒழுங்காகக் கொடுத்த நிதி எனக்கு மாவுக்கட்டு வாங்கித் தந்தது. கடைசிவரை ஒன்றும் கொடுக்காத பங்கு வீடு பிடித்துத் தந்தது. இதை மதிப்பு என்று சொல்லலாமா என்று அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கேட்டேன். அவள் பாவம், "ஆன்ட்டி, நான் சும்மா கேட்டேன்" என்றாள்.

செலவு போக மிச்சமிருந்த பணத்தை நான் மறுபடி சேமிப்பு நிதியில்தான் போட்டேன். அக்கா திட்டினார். போடி பயந்தாங்கொள்ளி என்றார். விளைவதை ஒரு தடவையாவது நானே தின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

இந்த வருடம் அறிவிப்பு வந்த நாளில் எனக்கு விடுமுறை. வீட்டில் வேறு யாரும் இல்லை, வாசல் பூட்டியிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த போன் 'டிங்' என்றது.

எனக்கு நினைவு திரும்பியபோது நான் சமையலறை மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தேன். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தேன். பருப்பு பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. முதல் அடி எந்தப் பக்கம் விழும் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. விழவில்லை. எதிர்வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

பிறகு எழுந்து எரிவாயுவை மூடினேன். முகம் கழுவினேன். பாசாருக்குப் போய் ஒரு கிலோ ஆட்டுக்கறி கேட்டேன்.

"கொஞ்சம் எலும்பு கலந்து போடவாக்கா?" என்றான் கறிக்கடைக்காரன்.

"ஒரு எலும்பும் வேணாம்" என்றேன்.